அம்மாயி பார்த்த ‘மூடுபனி’

சில திரைப்படங்கள் நாம் பார்ப்பதற்கு நெடுங்காலம் முன்னரே நம் வீட்டுக் கதைகளாகிவிடுகின்றன. பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ எங்கள் லயத்தில் அவ்வாறு வாழ்ந்துவந்த ஒரு படம். நான் அதனைப் பார்த்தது சென்ற வருடந்தான். ஆனால் அதில் ஒரு பெண்ணைக் கடத்திச் சென்று மலைப் பங்களாவொன்றில் வைத்திருப்பார்கள் என்பதும், அந்தக் கட்டத்திலே பிரட்டுக்களத்திலிருந்த பெண்களெல்லாம் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டபோது எங்கள் அம்மாயி மட்டும் மூடிக்கொள்ளவில்லை என்பதும் எனக்கு ஐந்தாறு வயது முதலே தெரியும். அம்மாவின் வாயால் எத்தனையோ இரவுகள் கேட்ட கதை அது.

அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயதிருக்கலாம். தீபாவளிக்கு முந்திய இரவு. தோட்டத்து இளைஞர்கள் வீட்டுக்கு இவ்வளவென்று காசு சேர்த்து ஹட்டன் நகரிலிருந்து வீடியோ டெக்கும் தொலைக்காட்சிப் பெட்டியும் வாடகைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். லயங்களுக்கு மின்சாரம் வராத காலம். ஜெனரேற்றர் ஒன்றும் லொறியில் வந்து இறங்கியது. விடியும்வரை மூன்று படங்கள். முதலாவது எம்.ஜி.ஆர். படம், அதற்கு இருந்த கூட்டம் இரண்டாவதற்கு இல்லை, மூன்றாவது தொடங்கும்போது பிள்ளைகள் படங்குச் சாக்கின்மேல் உறங்கிப்போயிருந்தனர், ஆண்களிற் பலர் வேறு அலுவலாக எழுந்து போயிருந்தனர். அந்த மூன்றாவது படமே ‘மூடுபனி’. கொலைகாரன் அந்தப் பெண்ணை ஊட்டிக்குக் கொண்டுபோனதும் அம்மாயி தான் இருந்த இடத்தை விட்டு எழுந்து முன்வரிசைக்குப் போனாராம். பின்னர் அதற்கும் முன்னால் போனாராம். கடைசியிற் பெட்டிக்கு ஒரு முழ தூரத்தில் அவருடைய தலை மறைக்கிறதென்று பின்னாலிருந்தவர்கள் சத்தம் போட்டிருக்கிறார்கள். படம் முடிந்ததும் டெக் கொண்டுவந்தவரிடம், “தம்பி, அந்த ஊட்டி வர்ற எடத்த மட்டும் இன்னொருக்கா போடுறீங்களா?” என்று கேட்டாராம். விடிவதற்குள் கசெற்றுகளைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று அவர் மறுத்துவிட்டார்.

இந்தக் கதையைச் சொல்லி முடிக்கும்போது அம்மா ஒவ்வொரு முறையும் சிரிப்பார். அம்மாயி சிரிப்பதில்லை. அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பதை எனக்கு ஒருவரும் விளக்கவுமில்லை. ஆகவே, எந்த மர்மப் படமும் தன் பார்வையாளருக்குத் தராத ஒரு மர்மத்தோடு அந்தப் படத்துக்காக நான் ஏறக்குறையப் பதினைந்து வருடம் காத்திருந்தேன் எனலாம்.

பேராதனைக்கு வந்தபின், விடுதி அறையில் ஒரு மழை நாளிரவு, நாங்கள் நால்வர் ஒரு மடிக்கணினியைச் சுற்றி அமர்ந்து அதனைப் பார்த்தோம். நால்வரில் ஒருத்தி மட்டக்களப்பைச் சேர்ந்தவள். அமிர்தகழியிலே பிறந்த பாலு மகேந்திராவைத் தன் ஊரவர் என்று உரிமை கொண்டாடுபவள். எனவே படத்தைப் பற்றிக் குறை சொல்வதற்கு முன் யோசிக்க வேண்டியிருந்தது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

படத்தைப் பற்றிய செய்திகள் பலரும் அறிந்தவைதாம். 1980ஆம் ஆண்டு தீபாவளியை ஒட்டி வெளிவந்தது. ராஜேந்திரகுமாரின் நாவலொன்றைத் தழுவியது. பாலு மகேந்திரா நெறிப்படுத்திய மூன்றாவது படம். ‘கோகிலா’ (1977) கன்னடத்திலும், ‘அழியாத கோலங்கள்’ (1979) தமிழிலும் அதற்கு முன்னர் வந்திருந்தன. இளையராஜாவுக்கு அது நூறாவது படம். பிரதாப் போத்தன் சந்துருவாகவும் ஷோபா ரேகாவாகவும் நடித்தனர். தந்தை வேறொரு பெண்ணின் பொருட்டுத் தாயைக் கொடுமைப்படுத்தியதைச் சிறுவயதிற் கண்டு வளர்ந்த ஒருவன், விலைமாதரை வெறுத்துக் கொலை செய்பவனாகிறான். தன் தாயை நினைவூட்டும் ஒரு பெண்ணை மணக்க விரும்புகிறான். அவளோ இன்னொருவனுக்கு நிச்சயிக்கப்பட்டவள். பெங்களூரிலிருந்து அவளைக் கடத்தி உதகமண்டலத்துக்குக் கொண்டுபோகிறான். பொலிசார் தேடி வருகின்றனர். ஹிச்கொக்கின் ‘சைக்கோ’வின் (1960) சாயல் இதில் உண்டு என்பது அன்று தொட்டுப் பேசப்பட்டுவரும் விடயம்.

ஆனால் ‘சைக்கோ’வுக்கும் இதற்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. அதில் கொலை செய்தவர் யார் என்பது கடைசிவரை மறைக்கப்படுகிறது. இங்கே கொலைஞன் யாரென்பது நமக்கு முன்னரே தெரியும். இது குறையன்று. ஹிச்கொக் பிரெஞ்சு நெறியாளர் த்ருஃபோவுடன் நிகழ்த்திய நீண்ட உரையாடல் 1966இல் நூலாக வந்தது. அதிலே அவர் திகைப்பையும் பதைப்பையும் வேறுபடுத்திக் கூறும் இடம் பெயர்பெற்றது. மேசைக்குக் கீழே குண்டு இருப்பதை அறியாமல் நாம் பார்த்துக்கொண்டிருக்க அது வெடித்தால், கிடைப்பது சில விநாடித் திகைப்பு. குண்டு இருப்பது நமக்கு மட்டும் தெரிந்து, மேசையிலிருப்பவர்கள் ஏதோ அற்ப விடயம் பேசிக்கொண்டிருந்தால், அந்தப் பேச்சு முழுவதும் பதைப்பாகிவிடுகிறது. பாலு மகேந்திரா இரண்டாவது வழியைத் தெரிந்தெடுத்தார். கடினமான வழி அதுதான். ரசிகன் பின்னர் அறிந்து ஆச்சரியப்படுவதற்கென ஒன்றும் எஞ்சியிராதபோது, அவனை அந்தப் பங்களாவுக்குள், அந்தப் பெண்ணுடனேயே, மூச்சடக்கி இருத்திவைக்க வேண்டும்.

இந்த மேசைக் குண்டைப் பற்றி முதன்முதலில் வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது திரைப்படம் எதுவுமன்று. 2014 ஒக்ரோபர் 29ஆந் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த மலை சரியக்கூடியது என்ற எச்சரிக்கை அதற்குச் சில வருடங்களுக்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. அறிந்தவர்கள் இருந்தார்கள், மேசையில் இருந்தவர்களுக்கு எழுந்து போக வேறு வீடு இருக்கவில்லை. மழைக்காலத்தில் மண் திட்டுக்குக் கீழே உறங்குகிறவர்களுக்குப் பதைப்பு என்னும் கலைச்சொல்லை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. விலகிச் செல்கிறேன்; படத்துக்கு வருவோம்.

‘மூடுபனி’ தன் முற்பாதியில் அந்தப் பதைப்பை உண்டாக்கிவிடுகிறது. அதனை மறுப்பது நேர்மையாகாது. உரையாடல் குறைவு. தமிழ்ப் படங்களிலே மனிதர்கள் நாடக மேடையிற்போல் நம்மைப் பார்த்துப் பேசிய காலத்தில், இதில் மனிதர்கள் பேசாமல் நடக்கிறார்கள், சன்னலருகே நிற்கிறார்கள், அறையின் பாதி இருட்டாகவே விடப்படுகிறது. ஒளிப்பதிவாளரே நெறியாளராகவும் இருந்ததன் பலன் இது. பின்னணி இசையும் எங்கே ஒலிக்கக்கூடாது என்பதை அறிந்திருக்கிறது. விடுதி அறையில் எங்களுட் பேச்சு நின்றுபோனது. மட்டக்களப்புத் தோழி என்னைத் திரும்பிப் பார்த்தாள், ‘எப்படி?’ என்பது போல.

ஊட்டிக்குப் போனபிறகுதான் படம் தளர்கிறது. என்ன காரணம் என்று யோசித்தேன். கதை எடுத்துக்கொண்ட முற்கோள் மிகக் கூரியது: தான் வெறுப்பதைக் கொல்கிறவன், தான் வணங்குவதைச் சிறைவைக்கிறான். வணக்கமும் வெறுப்பும் ஒரே நோயின் இரண்டு முகங்கள் என்று காட்டுவதற்கு இதைவிட நல்ல களம் அமையாது. அந்தப் பெண் அவனுடைய வணக்கத்துக்கே பயப்படவேண்டும். நாமும் அவளுடைய கண்களால் அதற்குப் பயப்படவேண்டும். ஆனால் எனக்குப் பட்டவரையில், கமெரா அங்கே ரேகாவின் கண்களால் அவனைப் பார்ப்பதை விட்டு, அவனுடைய கண்களால் ரேகாவைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. அவள் எப்படித் தப்பலாம் என்று எண்ணுகிறாள், எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று எப்போது கவனித்தாள், இரவில் உறங்கினாளா என்பவை பற்றிப் படத்துக்கு அவ்வளவு அக்கறை இல்லை. அவள் அழகாக இருக்கிறாள் என்பதில் அதற்கு மிகுந்த அக்கறை.

இதற்குச் சான்று அந்தப் பாடல். சந்துரு கிற்றாரை மீட்டிக்கொண்டு அவள் முன் பாடும், யேசுதாஸின் குரலில் வரும் பாடலைத்தான் சொல்கிறேன். அதனை விரும்பாதவர் எங்கள் விடுதியில் எவருமிலர், நானும் விலக்கல்லேன். ஹட்டன் வீதியில் முச்சக்கர வண்டிகளில் அது இன்றைக்கும் ஒலிக்கிறது. திருமண வீடுகளில் காதற் பாடலென்றே பாடுகிறார்கள். அதுவே பிரச்சினை. கடத்தப்பட்ட ஒருத்தி கொலைகாரன் ஒருவனுக்கு முன்னால் அகப்பட்டிருக்கும் வேளையிற் பிறந்த பாட்டு, அந்தச் சிறையிலிருந்து தான் மட்டும் தப்பி வந்து, நாற்பது வருடங்களுக்கு மேலாகச் சுகமாக உலவுகிறது. அவள் உள்ளேயே விடப்பட்டாள். பாட்டு முடிந்தபின் அவனிடத்தில் நமக்கு வரவேண்டிய பயம் திரும்பி வருவதில்லை. கொஞ்சம் இரக்கமும் வந்துவிடுகிறது. அந்த இரக்கத்தையே நெறியாளர் விரும்பினார் என்று தோழி வாதிட்டாள். இருக்கலாம். அப்படியானால் கொலையுண்ட பெண்களுக்கும் அதிற் சிறிது பங்கு வைத்திருக்கவேண்டும். அவர்களுக்குக் கதையில் முன்கதை இல்லை. அவனுக்கு மட்டுமே குழந்தைப் பருவம் இருக்கிறது.

இந்தக் குழந்தைப் பருவ விளக்கம் அக்காலத்துக்கு உரிய ஒரு சூத்திரமாகவே இருந்ததுபோலும். இரண்டு வருடங்களுக்கு முன்னர், 1978இல், பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ வந்தது. அங்கும் பெண்களைக் கொல்கிறவனுக்கு இளமையில் நேர்ந்த அனுபவமே காரணமாகக் காட்டப்படுகிறது. சின்ன வயதில் இது நடந்தது. ஆகவே பெரிய வயதில் இது நடக்கிறது. கணக்குச் சரி. ஆனால் கணக்குச் சரியாக வந்துவிட்ட இடத்தில் மர்மம் எப்படி இருக்கும்? ‘சைக்கோ’வின் இறுதியிலும் ஒரு மனநல மருத்துவர் வந்து நீளமாக விளக்குகிறார், அந்தப் படத்தை ஆராதிப்பவர்களே அவ்விடத்திற் சற்று நெளிவதுண்டு. என்றாலும் அங்கே மருத்துவர் பேசி முடித்த பின்னரும் நோர்மனின் முகம் திரையில் வந்து அவருடைய விளக்கத்தைப் பொருட்படுத்தாமற் பார்க்கிறது. ‘மூடுபனி’யில் விளக்கம் நோயை விழுங்கிவிடுகிறது. பனி என்று பெயரிட்டுவிட்டு, பனிக்கப்பால் என்ன இருக்கிறதென்பதை ஒரு வரைபடம்போல் முன்னரே கையிற் கொடுத்துவிட்டார்கள்.

தமிழில் இதனைச் சாதித்துக் காட்டிய படம் இல்லாமலில்லை. ‘மூடுபனி’க்கு இருபத்தாறு வருடங்களுக்கு முந்திய ‘அந்த நாள்’ (1954), பாட்டே இல்லாத படம். எஸ். பாலச்சந்தர் நெறிப்படுத்தியது. வானொலிப் பொறியியலாளன் ஒருவன் சுடப்பட்டுக் கிடக்கிறான். சுட்டவர் யார் என்று ஒவ்வொருவர் வாயாகக் கேட்டுக்கொண்டு போகிறது படம். விடை கிடைத்ததும் கேள்வி பெரிதாகிறது. சுட்டது மனைவி, சுடப்பட்டவன் நாட்டை விற்றவன், இப்போது அவளை நாம் என்ன செய்வது? மர்மம் அவிழ்ந்த இடத்தில் இன்னொரு முடிச்சு விழுகிறது. வெளிவந்த காலத்தில் அது வசூலிலே தோற்றது என்கிறார்கள். அத்தகைய தோல்விகள் எப்போதாவதுதான் வாய்க்கின்றன.

எங்கள் விரிவுரை மண்டபங்களில் உருவம், உள்ளடக்கம் என்னும் இரு சொற்கள் விழாத நாளில்லை. அன்றிரவு அவ்விரு சொற்களும் விடுதியில் அதிகாலை இரண்டு மணிவரை விழுந்தன. தோழி, “உனக்குப் பனியைப் படமாக்கத் தெரிஞ்ச ஆளைப் பாராட்டத் தெரியேல்ல” என்றாள். நான், “எனக்குப் பனியைப் பத்திச் சொல்லித் தரவேணாம்” என்றேன். சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டேன். உண்மையில் நான் அவளோடு வாதாடிக்கொண்டிருக்கவில்லை. அம்மாயி எதைத் தேடினார் என்பதைப் படத்தின் எந்தச் சட்டத்திலும் கண்டுகொள்ள முடியாததே என் எரிச்சலுக்குக் காரணம்.

அந்த வார இறுதியில் வீட்டுக்குப் போய் நேரடியாகவே கேட்டேன். “அம்மாயி, நீங்க ஏன் அன்னைக்கு ஊட்டிய மறுபடி போடச் சொன்னீங்க?” அவர் ரொட்டிக்கு மாப்பிசைந்துகொண்டிருந்தார். “எங்கக்கா அங்கதானடி இருந்தாங்க,” என்றார். இவ்வளவுதான். பதினைந்து வருட மர்மம் ஒரு வரியில் அவிழ்ந்தது.

அம்மாயிக்கு ஓர் அக்காள் இருந்தார் என்பதை நான் அறிவேன். இந்தியாவுக்குப் போய்விட்டார் என்பதையும் அறிவேன். எந்த மலைநாட்டுக் குடும்பத்தில்தான் அப்படிப் போன ஒருவர் இல்லை? 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் எங்களவர் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்ரோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, அந்நிலையில் இருந்தவர்களின் தொகை 9,75,000 எனக் கணக்கிடப்பட்டது. அதிலே 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்று முடிவாகியது. அந்த எஞ்சியவர்களையும் 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். பரீட்சைக்காக இந்த எண்களை நான் மனனம் செய்திருக்கிறேன். 5,25,000க்குள் ஒன்று எங்கள் பெரியம்மாயி என்பது அப்போது என் மனதிற் படவேயில்லை.

அக்காளின் கணவர் இந்தியப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்தவர். அம்மாயியின் கணவர், என் தாத்தா, இலங்கைக்கு விண்ணப்பித்தவர். ஒரு வயிற்றிற் பிறந்த இருவர், இரு கணவர்மாரின் கையொப்பத்தால் இரு நாட்டவராயினர். 1973இல் ஹட்டன் புகையிரத நிலையத்தில் பிரிந்தார்கள். தலைமன்னார்வரை ரயில், அங்கிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல், பின்னர் மண்டபம் முகாம். அங்கிருந்து நீலகிரி. தாயகம் திரும்பியோர் எனப் பெயரிடப்பட்ட எங்கள் மக்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே தமிழ்நாட்டு அரசு கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளிலே தேயிலைத் தோட்டங்கள் அமைத்தது. அவை 1976இல் ‘டான்டீ’ என்னும் அரச நிறுவனமாயின. பெரியம்மாயி போய்ச் சேர்ந்த இடம் கோத்தகிரிப் பக்கம். எங்கே போயும் அவர் கையில் வந்தது கொழுந்துக் கூடைதான்.

வருடத்துக்கு இரண்டு கடிதம் வருமாம். எழுதத் தெரிந்த ஒருவரைக் கொண்டு எழுதுவிப்பது. ஒன்றில், ‘இங்கேயும் நம்ம ஊர் போலவே மூடுபனி. விடியக்காலை பக்கத்து லயன் தெரியாது’ என்று இருந்ததாம். கடிதம் இப்போது இல்லை. அம்மாயி மனப்பாடமாகச் சொல்வதைத்தான் எழுதுகிறேன். 1983 கலவரத்தின்போது எங்கள் குடும்பம் இருந்த தோட்டத்தை விட்டு ஓடி, வேறொரு தோட்டத்திற் குடியேறியது. பழைய விலாசத்துக்கு வந்த கடிதங்கள் என்னவாயின என்பது தெரியாது. அக்காளின் விலாசம் எழுதிய கடதாசி, பெட்டியோடு போய்விட்டது. அடுத்த வருடம் தலைமன்னார்க் கப்பலும் நின்றது. அதற்கு இரண்டு தீபாவளி கழித்துப் பிரட்டுக்களத்தில் ஒரு பெட்டியில், ‘மூடுபனி’ என்று பெயர் வந்து, ஊட்டி என்று யாரோ சொல்ல, அம்மாயி எழுந்து முன்னால் போனார்.

இப்போது அந்தக் காட்சியை நினைத்துப் பார்க்கிறேன். பின்னாலிருந்தவர்கள் கொலைகாரன் எப்போது வருவான் என்று காத்திருக்கிறார்கள். அம்மாயி அந்தப் பங்களாவையோ, பெண்ணையோ பார்க்கவில்லை. அவர்களுக்குப் பின்னால், பனிக்குள், மலைச் சரிவில் கூடையோடு யாராவது போகிறார்களா என்று பார்க்கிறார். கோத்தகிரி ஊட்டியிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர் தூரத்தில் இருப்பது அவருக்குத் தெரியாது. சினிமாக்காரர்கள் படம் பிடிக்கும்போது வேலைக்காரர்களை அந்தப் பக்கம் விடமாட்டார்கள் என்பதும் தெரியாது. முன்னால் நிற்கிறவர்கள் கொஞ்சம் விலகினால் நல்லது என்று அவர் நினைத்திருக்கக்கூடும். முன்னால் நின்றவர்களில் ஒருவர் ஷோபா. அவரும் அந்தப் படம் வெளிவந்தபோது உயிரோடு இல்லை. 1980 மே முதலாந் திகதி, பதினேழு வயதில் இறந்துபோயிருந்தார். ‘பசி’ படத்துக்காகத் தேசிய விருது பெற்ற பெண். அம்மாயிக்கு அதுவும் தெரியாது.

ஆகவே படம் தோற்றது என்று நான் சொல்வதில் இரண்டு தோல்விகள் கலந்துவிட்டன. ஒன்றை விமரிசகராகச் சொல்லலாம்: முற்கோளைப் பாதிவழியில் கைவிட்டது. மற்றதைச் சொல்ல எனக்கு உரிமையுண்டா என்று தெரியவில்லை. ஒரு கொலைக் கதையிடம் போய், எங்கள் பெரியம்மாயியை ஏன் காட்டவில்லை என்று கேட்பது நியாயமன்று. தோழியும் அதையே சொன்னாள். இம்முறை மெதுவாகச் சொன்னாள். ஆயினும் எனக்கொரு எண்ணம். பாலு மகேந்திரா மாணவனாயிருந்தபோது, டேவிட் லீன் இலங்கையில் ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ (1957) படமாக்கியதைப் பாடசாலைச் சுற்றுலாவில் கண்டதாகவும், நெறியாளர் ‘மழை’ என்று கட்டளையிட்டதும் மழை பொழிந்தது கண்டு வியந்து, தானும் அந்தத் தொழிலுக்கே போவதென்று தீர்மானித்ததாகவும் அவரே கூறியிருக்கிறார். அந்தப் படத்தின் பாலம் நின்ற கித்துல்கலை ஹட்டனுக்கு ஏறிவரும் வீதியில் இருக்கிறது. மழையை வரவழைக்கும் வித்தையை இந்த நாட்டிற் கண்டவர், பனியை வரவழைக்கும் வித்தையை நீலகிரியிற் செய்துகாட்டினார். அதே காலத்தில் இந்த நாட்டிலிருந்து புறப்பட்ட இலட்சக்கணக்கானவர்களில் ஒரு பகுதியினர் அதே பனிக்குள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் ஒருவரையொருவர் கடந்து போயிருக்கிறார்கள். இதில் யாரையும் குறைகூற ஒன்றுமில்லை. ஆனால் பங்களா என்றால் உள்ளே அழகிய பெண்ணும் வெளியே வெண்பனியும் என்று பார்க்கப் பழகிய கண், பனியை ஒரு திரைச்சீலையாக மட்டுமே பயன்படுத்தும். எங்கள் பக்கத்தில் பனி அப்படி இல்லை. பனி இறங்கினால் மலையில் கங்காணியின் குரல் மட்டும் வரும், ஆள் தெரியாது. தேயிலைத் தூருக்குள் சிறுத்தை கிடந்தாலும் தெரியாது. பக்கத்து நிரையில் நிற்பவள் நிற்கிறாளா என்று அறியப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவள் பதில் சொல்லும்வரை இருக்கும் அந்த இடைவெளியை எந்த நெறியாளராவது படமாக்கினால் நான் முன்வரிசையில் இருப்பேன்.

சென்ற விடுமுறையில் அந்தப் படத்தைக் கைத்தொலைபேசியில் இறக்கி அம்மாயிக்குக் காட்டினேன். இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். வயது எழுபத்து நான்கு. ஒரு கண்ணிற் புரை. முற்பகுதியை ஓட்டிவிட்டு ஊட்டியிலிருந்து தொடங்கினேன். நாற்பது வருடங்களுக்கு முன்னர் டெக்காரர் மறுத்ததை நான் செய்கிறேன் என்று ஒரு பெருமை எனக்கு. பாட்டு வந்ததும் அம்மாவும் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். அம்மாயி பாட்டைக் கேட்கவில்லை. ஓரிடத்தில் என் மணிக்கட்டைப் பிடித்து, “நிப்பாட்டு” என்றார். நிறுத்தினேன். வீட்டுக்கு வெளியே, மங்கலாக ஒரு சரிவு. தேயிலையா புல்லா என்று எனக்குத் தெரியவில்லை. நான் பெரிதாக்கிக் காட்டினேன். பெரிதாக்க, இன்னும் மங்கலாயிற்று.

“அது யாரு புள்ள, அந்தப் பக்கம்?”

“யாருமில்லை அம்மாயி. மரம்.”

“மரமா,” என்றார். பின்னர் சேலைத் தலைப்பை எடுத்து, கண்ணாடியிற் படிந்திருக்கிறதென்று நினைத்தோ என்னவோ, தொலைபேசியின் முகத்தை இரண்டு முறை துடைத்தார். துடைத்ததில் விரல் பட்டுப் படம் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. “கொஞ்சம் பின்னுக்குப் போடு,” என்றார். போட்டேன்.